ஞானம் பற்றிய ஞாயிறு பள்ளிப் பாடம்: உதவி தேவை

ஞாயிறு பள்ளியில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த மாதத் தலைப்பு ஞானமும் செல்வாக்கும். நீதிமொழிகள் 13:20ஐ மனப்பாட வசனமாகக் கொடுத்தோம். ஞானிகளோடு சஞ்சரிக்கிறவன் ஞானமடைவான் என்ற முற்பாதியை விட்டுவிட்டு, மூடருக்குத் தோழன் நாசமடைவான் என்ற பிற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சேட்டை செய்யும் ஒரு பையன் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. கேட்டால் வசனத்தையே சொல்கிறார்கள். அவன் முகம் வாடிப்போவதைப் பார்க்க மனசு வலிக்கிறது.

சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாம் கதையை (1 இராஜாக்கள் 12) நடிக்க வைத்தோம். முதியோர் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டு ராஜ்யம் பிளந்தது நன்றாகவே புரிந்தது. ஆனால் ஒதுக்கும் எண்ணம் இன்னும் இறுகிவிட்டது. அப்புறம் சீரியப் படைத்தலைவன் நாகமான் வீட்டில் வேலை செய்த இஸ்ரவேல் சிறுமியின் கதை (2 இராஜாக்கள் 5). சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கே நல்ல வழி சொன்னவள். ரொம்பப் பிடித்தது, தங்கள் வகுப்போடுதான் சேர்த்துப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒதுக்கிய ஆயக்காரரோடு (வரி வசூலிப்பவர்களோடு) இயேசு பந்தியிருந்ததைச் சொன்னால், "அவர் இயேசு, நாங்க சின்னப் பிள்ளைங்கதானே" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

அடுத்த வகுப்பு வரும் ஞாயிறு, 40 நிமிடம். அந்தப் பையனும் இருப்பான்.

யாரையும் ஒதுக்காமலே ஞானமாக நடந்து மற்றவரை நல்ல வழிக்குத் திருப்பலாம் என்று இந்த வயதுக்குப் புரியவைக்க, எந்த வேதாகமப் பகுதியை எந்தச் செயல்பாட்டோடு எடுக்கலாம்?