கடற்படை ஏ.டி.சி.யிலிருந்து ஏ.ஏ.ஐ.க்கு: லைசென்ஸ், வயசு, டிகிரி இதில் எது இடிக்கும்?

உச்சிப்புளி_ஓடுபாதை:

வணக்கம். கடற்படையில் ஷார்ட் சர்வீஸ் கமிஷன் (குறிப்பிட்ட கால ஒப்பந்த அதிகாரி), ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பிரிவு. வயசு 30. பத்து வருஷ ஒப்பந்தம் அடுத்த வருஷம் முடியுது. படிப்பு பி.இ., ஈ.சி.ஈ. டவர், அப்ரோச் (நிலையத்தை நெருங்குற விமானங்களை வழிநடத்துறது) ரெண்டிலும் படை ரேட்டிங் (அந்த வேலையைத் தனியா பார்க்குற தகுதி) இருக்கு. இதைக் காட்டி டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) லைசென்ஸ் நேரா வாங்க வழி இருக்கா? இல்ல ஏ.ஏ.ஐ. (இந்திய விமான நிலைய ஆணையம்) பரீட்சை எழுதி முதல்லேர்ந்துதான் வரணுமா? அவங்க அறிவிப்புல 27 வயசுன்னு போட்டிருக்கானே, எனக்குப் பொருந்துமா? வீடு மண்டபம் பக்கம், அதனால மதுரை, தூத்துக்குடி கிடைச்சா நல்லது.

இன்னொண்ணு. மச்சான் அதே படையில் மாலுமி, 15 வருஷம் முடிச்சு வெளியே வர்றார், வயசு 35. பட்டப்படிப்புக்கு இணையான சான்றிதழ் தருவாங்களாம். அதை வச்சு அவரும் ஏ.டி.சி.க்குப் போடலாமா?

---

பாக்நீரிணை:

தம்பி, படை ரேட்டிங்கை அப்படியே மாற்றித் தருவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். ரேட்டிங் என்பது ஆளுக்கு மட்டும் தருவதல்ல, அந்த யூனிட்டுக்கும் (வேலை பார்க்கும் நிலையத்துக்கும்) சேர்த்துத் தருவது. மதுரை அப்ரோச்சில் ரேட்டிங் உள்ளவரே சென்னைக்கு மாறினால் அங்கே மறுபடி பயிற்சி எடுத்துத்தான் மைக்கைப் பிடிக்க முடியும். ஆறு மாதம் அந்த இடத்தில் வேலை பார்க்காவிட்டால் ரேட்டிங் காலாவதி. ஆகவே நீங்கள் வெளியே வந்து ஏ.ஏ.ஐ.யில் சேர்ந்தால், கல்லூரியிலிருந்து வந்த பையனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஜூனியர் எக்ஸிக்யூட்டிவாகத்தான் (ஏ.டி.சி.யின் தொடக்க அதிகாரிப் பதவி) தொடங்க வேண்டும். இ-1 அளவு, அடிப்படைச் சம்பளம் 40,000 முதல் 1,40,000 வரை. பயிற்சி முடிந்தபின் மூன்று வருடத்துக்கு 7 லட்சம் ரூபாய் பாண்டு (இடையில் விலக மாட்டேன் என்ற உறுதிப் பத்திரம்) கேட்பார்கள்.

உங்களுக்கு இடிக்கப்போவது வயசுதான். உச்ச வரம்பு 27. குறைந்தது ஐந்து வருடம் பணியாற்றி ஒப்பந்தம் முடித்த ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்கு மத்திய அரசு விதிப்படி 5 வருடத் தளர்வு, ஆக 32. ஒப்பந்தம் முடிய ஒரு வருடத்துக்குள் இருந்தாலே இந்தத் தளர்வு உண்டு, வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் ஏ.ஏ.ஐ. வருடா வருடம் ஆள் எடுப்பதில்லை. 2022-ல் 400 இடம், 2023-ல் 496, அதன்பின் 2025-ல்தான் 309. 2024 சும்மாவே போனது. உங்கள் கையில் இருப்பது ஒரு அறிவிப்பு, மிஞ்சினால் இரண்டு. ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நீட்டித்தால் இந்தக் கதவு மூடிவிடும்.

பி.இ. செல்லும். ஆனால் இயற்பியலும் கணிதமும் ஏதாவது ஒரு செமஸ்டரிலாவது பாடமாக இருந்திருக்க வேண்டும், மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயரே தெரிய வேண்டும். டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கணிதம் இருக்கும், இயற்பியல் முதல் வருடத்தோடு போயிருக்கும். நீங்கள் அப்படி என்றால் இப்போதே பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்.

எந்த ஊர் என்பதை இப்போது பேசிப் பயனில்லை. இந்தியா முழுக்க எங்கே போட்டாலும் போக வேண்டும்.

---

மதுரை_டவர்:

மச்சான் விஷயம் முதலில். 15 வருடம் முடித்தவருக்குத் தரும் அந்தச் சான்றிதழ் குரூப் சி (எழுத்தர், உதவியாளர் நிலை) வேலைகளுக்குத்தான் பட்டத்துக்குச் சமம். ஜூனியர் எக்ஸிக்யூட்டிவுக்கு முழுநேர, ரெகுலர் பட்டம் கேட்கிறார்கள். அஞ்சல் வழி பி.எஸ்சி.யும் ஆகாது. விண்ணப்பம் போகும், பரீட்சையும் எழுதலாம், சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவருக்குப் பொருந்துவது ஏ.ஏ.ஐ. தீயணைப்புப் பிரிவின் ஜூனியர் அசிஸ்டென்ட். பிளஸ் டூ ரெகுலராக 50 சதவீதத்தோடு தேறியிருந்தால் போதும். வயசு வரம்பு 30, ஆனால் முன்னாள் படைவீரருக்குப் பணிக்காலத்தையும் இன்னும் 3 வருடத்தையும் கழிப்பார்கள்: 35-ல் 15 போய், 3 போய் 17. தாராளம். பொதுத்துறையில் குரூப் சி-யில் 14.5 சதவீதம் படைவீரர் ஒதுக்கீடும் உண்டு. பலர் கோட்டை விடுவது டிரைவிங் லைசென்ஸில். ஹெவி லைசென்ஸ் இருந்தால் பிரச்சினை இல்லை. மீடியம் என்றால் அறிவிப்புத் தேதிக்கு ஒரு வருடம் முன்பே, கார் லைசென்ஸ் என்றால் இரண்டு வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டும். அறிவிப்பைப் பார்த்தபின் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடிப் பயனில்லை. கயிறு ஏறுவது, ஏணி ஏறுவது, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் தேர்வில் வரும். ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இப்போதே பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

உங்கள் பரீட்சை: 120 கேள்வி, இரண்டு மணி நேரம். பாதி இயற்பியலும் கணிதமும், மீதி ஆங்கிலம், ரீசனிங், எண் கணக்கு, பொது அறிவு. நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். படையிலிருந்து வருபவர் ஆங்கிலத்திலும் குரல் தேர்விலும் தடுமாறுவதில்லை, தொகைநுண்கணிதத்தில்தான் தடுமாறுவார். பத்து வருடம் தொடாத பாடம். பிளஸ் டூ புத்தகத்தை முழுசாக முடித்துவிட்டு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், வெக்டார், மின்காந்தவியல், செமிகண்டக்டர் என்று மேலே போங்கள்.

---

உச்சிப்புளி_ஓடுபாதை:

ரொம்ப நன்றிண்ணே. பி.இ. முதல் வருஷத்திலேயே சேர்ந்தது, இயற்பியல் மார்க் ஷீட்ல இருக்கு. மெடிக்கல் எப்படி? இங்கே வருஷா வருஷம் பார்க்கிறதால அது பிரச்சினை இல்லைன்னு நினைக்கிறேன்.

---

சேதுக்கரை:

அதை அப்படி விட்டுவிடாதீர்கள் சார். படை மெடிக்கல் கேட்டகரி வேறு, இங்கே கேட்கும் கிளாஸ் 3 (ஏ.டி.சி.க்கான மருத்துவத் தரம்) வேறு. பார்வை ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6. கண்ணாடி போட்டு வந்தாலும் சரி. நிறம் பிரித்தறிவது சரியாக இருக்க வேண்டும். காது 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது, 3000-ல் 50 வரை போகலாம். டார்மாக்கில் டோர்னியர் விமானம், ஹெலிகாப்டர் பக்கம் நின்ற காதில் முதலில் அடிபடுவது 4000, அடுத்து 3000. பேச்சு தெளிவாகக் கேட்கும், அதனால் ஆளுக்கே தெரியாது. இப்போதே ஒரு ப்யூர் டோன் ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போதைப்பொருள் சோதனையும் உண்டு. கோடீன் உள்ள இருமல் சிரப் குடித்திருந்தால் ஓபியாய்டு என்று காட்டும், மருத்துவர் சீட்டைக் கையில் வைத்து முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலைக்குள் வந்தபின் இடறுவது பழக்கம். டாபோலிம், விசாகப்பட்டினத்தில் கடற்படை கன்ட்ரோலர்களே பயணிகள் விமானத்தையும் இறக்குகிறார்கள், அங்கே இருந்தவருக்கு சிமுலேட்டர் எளிது. உச்சிப்புளி போன்ற சின்ன கடற்படைத் தளத்தில் பைலட் உங்கள் மெஸ்ஸிலேயே சாப்பிடுபவர், பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்வார். மதுரையில் அது நடக்காது. ஓடுபாதையில் நுழைய, கடக்க, நிற்க, இறங்க, கிளம்பச் சொன்ன ஒவ்வொன்றையும் ரன்வே எண்ணோடு அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "ரோஜர்" என்று மட்டும் வந்தால் விடாமல் மறுபடி கேளுங்கள். "டேக் ஆஃப்" என்ற சொல் கிளியரன்ஸ் தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான், மற்ற எல்லாவற்றுக்கும் "டிபார்ச்சர்". படையிலும் இதே விதிதான், ஆனால் தெரிந்த குரல்களோடு பேசிப்பேசித் தளர்ந்திருக்கும். மதிப்பீட்டாளர் முதலில் குறிப்பது இதைத்தான்.

வேக் டர்புலன்ஸும் (முன்னே போகும் விமானம் பின்னால் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல்) புதுசாகப் படியுங்கள். எடை வாரியாக ஹெவி, மீடியம், லைட் என்று கலந்த ரகங்களை வரிசைப்படுத்தும் பழக்கம் சின்ன தளத்தில் வராது. ஹெவி இறங்கியபின் மீடியத்துக்கு 2 நிமிடம், லைட்டுக்கு 3. மீடியத்துக்குப் பின் வரும் லைட்டுக்கும் 3. ரேடாரில் ஹெவிக்குப் பின் மீடியத்துக்கு 5 கடல் மைல், லைட்டுக்கு 6.

ரேட்டிங்குக்கு ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வைத்திருக்கும் குறைந்தபட்சம், மேற்பார்வையில் டவருக்கு 90 மணி அல்லது ஒரு மாதம், அப்ரோச்சுக்கு 180 மணி அல்லது மூன்று மாதம், எது அதிகமோ அது. பழைய அனுபவம் இந்த மணியைக் குறைக்கும் என்று நம்ப வேண்டாம்.

வெளியே வருமுன் உங்கள் மணிக்கணக்கை பொசிஷன் வாரியாகப் பிரித்து, தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் செயல்முறை ஆவணங்கள், பறப்பு எண்ணிக்கை எதையும் நகல் எடுக்காதீர்கள், அது வேறு வம்பு. ஏ.ஏ.ஐ. கிடைக்காமல் போனால் இந்தத் தாள்தான் உதவும். பெங்களூரு பழைய விமான நிலையத்தில் எச்.ஏ.எல். (விமானம் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனம்) சொந்த ஏ.டி.சி. வைத்திருக்கிறது. டெல்லி மாதிரி தனியார் விமான நிலையங்களில் ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் இடம்) கன்ட்ரோலை நிர்வாகமே பார்க்கிறது. வளைகுடா ஏஜென்ட் யாராவது "படை அனுபவம் போதும்" என்றால் பணம் கட்டுமுன் அந்த விளம்பரத்தை வரி வரியாகப் படியுங்கள், ஐ.சி.ஏ.ஓ. தர லைசென்ஸும் நடப்பு ரேட்டிங்கும் என்று பெரும்பாலும் கீழே எழுதியிருக்கும்.