சடங்கு நோட்டீசில் எழுத்துப்பிழை இல்லை, இடம்தான் பிழை: பக்கம் கட்டப் பழகிய கதைகள்

நோட்டீஸ், மலர், கல்யாண கார்ட் என்று கொம்பியூட்டரில் பக்கம் கட்டுகிறவர்கள் முதன்முதலில் வாங்கிய அடியைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் படுவான்கரைப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை. 2011-இல் ஏ.எல். எழுதிவிட்டு, சும்மா இருக்க வேண்டாம் என்று மட்டக்களப்பு டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலைக்கு நின்றேன். போட்டோக்கொப்பி, லேமினேட்டிங், டைப்செட்டிங் எல்லாம் ஒரே மேசையில். பக்கம் கட்டுகிற மென்பொருளான பேஜ்மேக்கர் 7தான் எங்களுக்கு எல்லாம். அது 2001-இல் வந்த பதிப்பு, அதற்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை, ஆனாலும் பத்து வருசம் கழித்து எங்கள் கடையில் அதுதான் ராசா. பாமினி எழுத்துருவில் எனக்குக் கை ஓடும் என்பதால் முதலாளி என்னை டிசைனர் ஆக்கிவிட்டார். வேகமாக டைப் அடிக்கிறவன்தான் டிசைனர், அன்றைய கணக்கு அது. பல இடங்களில் இன்றைக்கும் அதுதான்.

அடுத்த வருசம் வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு (வருசத் திருவிழா) நோட்டீஸ் என் கைக்கு வந்தது. சொந்த ஊர்க் கோயில், விடுவேனா? அம்மன் படம் நடுவில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிவரப் பூக்கரை, ஐந்தாறு வகை எழுத்து, தலைப்புக்கு நிழல். கதவு திறத்தலில் தொடங்கி, கல்யாணக்கால் நடுதல், திங்கட்கிழமை சடங்கின் முக்கிய நிகழ்ச்சியான திருக்குளிர்த்தி, பிறகு வைரவர் பூசை என்று நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் கிழமையும் திகதியும் ஒரு வரி, நிகழ்ச்சியின் பெயர் ஒரு வரி, அன்றைய சடங்குக்குரிய குடியின் (தாய்வழிக் குலத்தின்) பெயர் ஒரு வரி. எல்லா வரியையும் நடுப்படுத்தி, எல்லா வரிக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி விட்டு, மேலிருந்து கீழ்வரை அளந்து வைத்தேன். பார்க்க மணிமாலை மாதிரி இருந்தது, அப்படித்தான் நான் நினைத்தேன்.

கொழும்பில் இருந்த என் மாமி குடும்பத்துக்கும் ஒரு நோட்டீஸ் போயிருந்தது. குளிர்த்தி முடிந்து அடுத்த நாள் பின்னேரம் பொங்கல் பானை, பழத்தட்டு, பிள்ளை குட்டியோடு வந்து இறங்குகிறார்கள். கோயில் வீதியில் பந்தல் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாமி என்னைப் பார்த்து, "நோட்டீசில குளிர்த்திக்குக் கீழ செவ்வாய் எண்டுதானே மனே கிடக்கு" என்றார். பக்கத்தில் நின்ற, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஐயா ஒன்றும் பேசவில்லை. அவர் ஏசியிருந்தால் பரவாயில்லை.

அன்றிரவு அந்த நோட்டீசை எடுத்து வைத்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை, திகதியும் சரி. குளிர்த்திக்குக் கீழே இருந்த செவ்வாய், அடுத்து வரும் வைரவர் பூசைக்குரியது. ஆனால் அந்த வரி மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் சரியாக நடுவில் நிற்கிறது, எதைச் சேர்ந்தது என்று அது சொல்லவில்லை. வாசிக்கிற கண் முதலில் பெரிய எழுத்தில் குளிர்த்தியைப் பிடிக்கும், பிறகு கீழே இறங்கும், கண்ணில் படுகிற முதல் கிழமையை எடுத்துக்கொள்ளும். மாமி பிழையாக வாசிக்கவில்லை, நான்தான் அப்படி வாசிக்க வைத்தேன்.

நெருக்கம், ஒழுங்குவரிசை, வேறுபாடு, திரும்ப வருதல் என்று நாலு விதி இருப்பதெல்லாம் பிறகு ஒரு டிப்ளோமா வகுப்பில்தான் கேள்விப்பட்டேன். நெருக்கம் என்று ஆசிரியர் சொன்னவுடனே எனக்கு மாமியின் பொங்கல் பானைதான் ஞாபகம் வந்தது. என்னைக் கேட்டால் இந்த நாலில் நெருக்கம்தான் தாய், மற்ற மூன்றும் அதற்குப் பின்னால் வரட்டும். அடுத்த வருசம் அதே நோட்டீசை மாற்றினேன். கிழமை, நிகழ்ச்சி, குடி மூன்று வரியையும் ஒட்ட வைத்து, அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு மடங்கு இடைவெளி. எல்லாம் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்கியது. பூக்கரையையும் தூக்கினேன், அதற்கு மட்டும் கோயில் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் வாதம்.

குடி விசயம் வேறு. எந்தக் குடியின் பெயர் முந்தி, எது பிந்தி என்பது எங்களுக்கு முன்னமே தீர்ந்த காரியம், அதில் டிசைனர் கை வைக்கக்கூடாது. ஒரு குடியின் பெயர் வரிக்குள் அடங்கவில்லை என்று நான் எழுத்தை ஒரு புள்ளி (பொயின்ட் அளவு) குறைத்ததற்கு வீட்டுக்கு ஆள் வந்தார்கள். முக்கியமானதைப் பெரிதாக்கு, மற்றதைச் சிறிதாக்கு என்று வகுப்பில் சொல்லித் தருவது லேசு. இங்கே எல்லாரும் முக்கியம். கடைசியில் நான் கண்ட வழி, ஆட்களின் பெயரெல்லாம் ஒரே அளவு, ஒரே தடிப்பு, வேறுபாடு முழுக்கக் கிழமைக்கும் நேரத்துக்கும். திகதி பெரிதாக இருப்பதற்கு யாரும் கோபிப்பதில்லை.

இன்னொன்று, இங்கிலீஷ் டெம்ப்ளேட்டை எடுத்து அதற்குள் தமிழைக் கொட்டுகிற பழக்கம். நானும் செய்தவன்தான். அவர்களின் எழுத்து 10 புள்ளி என்றால் வரிக்கு வரி 12 போதும். தமிழில் மேலே கி, கீ என்று விசிறியும், மெய்யெழுத்தின் புள்ளியும், கீழே கூ, சூ என்று வால். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும். நான் 11 புள்ளி எழுத்துக்கு 16, 17 விடுகிறேன். தலைப்பை எடுப்பாகக் காட்ட இங்கிலீஷ்காரர் கெப்பிட்டல் எழுத்தில் அடிப்பார்கள், நமக்குக் கெப்பிட்டலே கிடையாது. சாய்த்தால் விழப்போகிற வேலி மாதிரி இருக்கும். எழுத்துக்களை அகட்டி வைத்தால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று மூன்று பேராகப் பிரிந்து நிற்கும். ஆக நமக்கு மிஞ்சுவது தடிப்பு, அளவு, வெற்றிடம் மூன்றும்தான். ஒடுங்கிய பத்தியில் இரு பக்கமும் நேர் செய்யவும் வேண்டாம், ‘நடைபெறவிருக்கின்றமையினால்’ மாதிரி ஒரு சொல் வந்தால் வரியில் ஓட்டை விழும்.

வெற்றிடத்தைப் பற்றிச் சொல்ல வந்தால், வாடிக்கையாளர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "இந்த இடம் சும்மாதானே தம்பி கிடக்கு, இதுக்கும் காசுதானே." 2022-இல் அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதிலே இல்லை. காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த காலம். வைக்கோலில் பேப்பர் செய்த வாழைச்சேனை ஆலை இருக்கிற மாவட்டத்தில் நாங்கள் ஒவ்வொரு தாளாக எண்ணிக்கொண்டிருந்தோம். எல்லாரும் ஏ4 நோட்டீசை அப்படியே ஏ5 ஆக்கித் தா என்றார்கள். ஆக்கலாம், விகிதம் மாறாது. ஆனால் நீள அகலம் 71 சதவீதமாகும்போது 11 புள்ளி எழுத்து 8-க்கும் கீழே போய்விடும், கண்ணாடி போட்ட ஆச்சிக்கு அது எறும்பு ஊர்வது மாதிரி. அப்போதுதான் எழுத்தைச் சுருக்காமல் வசனத்தைச் சுருக்கப் பழகினேன். ‘பக்த அடியார்கள் அனைவரும் தவறாது சமுகமளித்து’ என்று தொடங்குகிற பத்தி முழுவதையும் எடுத்தேன். யாரும் தேடவில்லை.

சரி, மற்றவர்களும் எழுதுங்கள்.

*

அக்கரைப்பற்றிலிருந்து. நான் டிசைனர் இல்லை, ஆசிரியை. பாடசாலை மலரை என் தலையில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு விழுந்த அடி பக்கக் கணக்கு. எல்லாம் கட்டி முடித்து 37 பக்கம் என்று பெருமையாகக் கொண்டுபோனால், நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலின் மடங்காகத்தான் வரும் ரீச்சர் என்றார்கள். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், யோசித்தால் தெரிகிற விசயம், நான் யோசிக்கவில்லை. 40 ஆக்க மூன்று பக்கத்துக்கு அலைந்து கடைசியில் பிள்ளைகளின் சித்திரம் போட்டோம். மலரில் இன்றைக்கும் எல்லாரும் திறந்து பார்க்கிற பக்கங்கள் அவைதான், அது வேறு கதை.

அப்புறம் போட்டோ. பெற்றோர் எல்லாரும் வாட்சப்பில் அனுப்பினார்கள். போனில் பளிச்சென்று இருக்கும். அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 படப்புள்ளி (பிக்சல்) வேண்டுமாம், 1200 புள்ளி அகலப் படம் என்றால் 4 அங்குலம், அதோடு சரி. நான் அதை முழுப்பக்கத்துக்கு இழுத்திருந்தேன், அதிபரின் முகம் மழையில் நனைந்த மாதிரி வந்தது. இப்போது படத்தை டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்கிறேன், அப்படியென்றால் வாட்சப் அதைச் சுருக்காது. பாடசாலைச் சின்னத்தின் நீலம் ஊதாவாக வந்தது ஏன் என்று யாராவது சொல்லுங்கள், பழைய மாணவர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

*

காத்தான்குடி. வாப்பா காலத்திலிருந்து பிரஸ்.

ரீச்சர், திரையில் தெரிவது வெளிச்சத்தின் நீலம், எங்களிடம் இருப்பது மை. சயன், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு நாலும்தான். திரையின் தனி நீலத்தை அப்படியே மாற்றினால் மஜெண்டா கூடுதலாக ஏறி ஊதாப் பக்கம் சாயும். மஜெண்டாவைக் கையால் குறைத்து, ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டுத் தாருங்கள். திரையைப் பார்த்து நிறத்துக்குச் சண்டை பிடிக்க வேண்டாம்.

தம்பி நல்லாத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் வெட்டுகிற மெஷினை மறந்துவிட்டார். தாளின் ஓரம்வரை நிறம் போட்டால் வெளியே 3 மில்லிமீட்டர் கூட்டி விட வேணும், இல்லாவிட்டால் கத்தி ஒரு மயிரளவு விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். உள்ளேயும் எழுத்தை ஓரத்தில் ஒட்ட வைக்காதீர்கள், மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் பாதி கத்திக்குப் போன கார்ட் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சின்ன எழுத்தின் கறுப்பு தனிக் கறுப்பாக இருக்கட்டும். நாலு மையும் கலந்த கறுப்பென்றால் பிளேட் துளி விலகினாலே எழுத்துக்கு நிழல் அடிக்கும். மூன்றாக மடிக்கிற துண்டுப்பிரசுரத்தில் உள்ளே மடிகிற பகுதி மற்ற இரண்டையும்விட 2, 3 மில்லிமீட்டர் குறைவாக வேணும். ஏ4-இன் 297-ஐ 100, 100, 97 என்று பிரியுங்கள். சரிசமமாகப் பிரித்தால் மடிக்கிற பொடியன் எனக்கு ஏசுவான்.

பாமினி ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டு எங்களிடம் எழுத்துரு இல்லை என்று குறை சொல்லவும் வேண்டாம். திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். கர்வ் ஆக்குங்கள் (எழுத்து வெறும் வரைகோடாகிவிடும், பிறகு டைப் அடித்துத் திருத்த முடியாது), இல்லையென்றால் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் தாருங்கள். கர்வ் ஆக்க முதல் ஃபைலை வேறாகச் சேமித்து வையுங்கள். கர்வ் ஆன பிறகுதான் பெயரில் பிழை இருப்பது எல்லாருக்கும் கண்ணில் படும்.

*

காத்தான்குடி நானா சொன்னது சரி, வெட்டு விசயத்தில் நானும் பட்டிருக்கிறேன். ஒன்று சேர்க்கிறேன், இப்போது யுனிகோடில் அடித்து இன்டிசைனில் கட்டுகிறவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவு செய்யுங்கள், இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கவனிக்காமல் அச்சுக்குப் போனால் முழு நோட்டீசும் போச்சு.

இந்த முறை சடங்கு நோட்டீஸ் நேற்றுத்தான் முடித்தேன். அச்சுக்குக் கொடுக்க முதல் மாமிக்கு அனுப்பி, ஒன்றும் சொல்லாமல், குளிர்த்தி எப்ப மாமி என்று மட்டும் கேட்டேன். திங்கள் எண்டு போட்டிருக்கே என்று உடனே பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு செய்தி: அம்மன்ட படத்தை ஏன் மனே இப்பிடிச் சின்னதாக்கினாய்?