பழைய குழும மடல்களைத் தேடியபோது நேர்ந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

ஹட்டனிலிருந்து

கனடாவில் இருந்த அண்ணன், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கூடிய ஒரு மின்னஞ்சல் குழுமத்தில் 2001 முதல் எழுதி வந்தார். அவர் இறந்தபின், சேவை மூடப்படுமுன் அவருடைய நண்பர் இறக்கி வைத்த எம்பாக்ஸ் கோப்பு, அதாவது மடல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கோப்பு, என் கைக்கு வந்தது. ‘அம்மா’ என்று தேடினேன். ஒரு மடலும் அகப்படவில்லை. மூன்று இரவுகள் அப்படியே போயின. அந்நாளில் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தானே தட்டினோம், அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், திரையில் மட்டுமே தமிழ் வடிவம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகளையே தட்டினேன். பாமினியில் அதுதான் ‘அம்மா’. நாற்பத்தொரு மடல்கள் வந்து நின்றன. முதல் மடலிலேயே, மழைக்குள் கொழுந்து நிறுத்தபோது கணக்கப்பிள்ளை கழித்த இரண்டு ராத்தலுக்காக அம்மா எல்லோர் முன்னிலும் வாதாடியதை அண்ணன் எழுதியிருந்தார். அம்மா அதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பதுளையிலிருந்து

ஹட்டன் சகோதரிக்கு, பாமினியில் தேடினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று மற்றவர்கள் எண்ணிவிடக் கூடாது. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் ஒன்றான சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் என் ஆசிரியரின் பதிவைத் தேடியபோது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். ‘கொழுந்து’ என்பதன் ழகரத்துக்கு ஒருவர் எல் போட்டார், இன்னொருவர் இசட், எச் போட்டார். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் தேடியபோதுதான் அது கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூலக் கோப்பின்மீதே யுனிக்கோடுக்கு (இன்று எல்லோரும் தட்டும் பொது எழுத்துமுறைக்கு) மாற்றிச் சேமிக்காதீர்கள், நகலில் மாற்றுங்கள். மடலுக்குள் இருக்கும் ஆங்கில வரிகளையும் பாமினி என்று கொண்டு மாற்றினால் அவை குப்பையாகிவிடும். தலைப்பகுதியிலுள்ள மடல் அடையாளத்தை (மெசேஜ்-ஐடி) நீக்காதீர்கள். எது எதற்குப் பதில் என்பது அதைக் கொண்டுதான் தெரியும். டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் 1991 வரையிலான யூஸ்நெட் பதிவுகளை 141 காந்த நாடாக்களில் வைத்திருந்தார். 2001 டிசம்பரில் கூகுள் தன் ‘கூகுள் குழுக்கள்’ தளத்தில் திறந்த இருபதாண்டுச் சேமிப்பில் அவையும் சேர்ந்தன. அந்தக் கூகுள் குழுக்களிலேயே 2024 பெப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் பதிவுகள் சேர்வதில்லை. ஆகவே ஒரே இடத்தை நம்பியிராமல் இரண்டு மூன்று இடங்களில் நகல் வையுங்கள்.

நுவரெலியாவிலிருந்து

பதுளைத் தம்பி சொல்வதில் ஒன்றை மறுக்கிறேன். சேர்த்து வைப்பது வேறு, திறந்து விடுவது வேறு. என் தங்கையின் கல்யாணப் பேச்சு முறிந்ததை இருபது பேருக்கென்று 1998இல் எழுதினேன்; கடந்த மாதம் அதைத் தேடி எடுத்தவன் அவளுடைய மகன்.

ஹட்டனிலிருந்து

நுவரெலியா அக்கா, கோப்பை நான் எவருக்கும் கொடுக்கவில்லை. நேற்று அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். இரண்டு ராத்தல் இல்லை, மூன்று என்றார்.