தடய அறிவியல் ஆய்வகத்தில் ஒரு மாதம்: நான் பார்த்தது, நீங்களும் சொல்லுங்கள்

எம்.எஸ்சி. தடய அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன கோடையில் வட்டார ஆய்வகம் ஒன்றில், நச்சுயியல் பிரிவில், ஒரு மாதம் பயிற்சி. எந்த ஊர் என்பது வேண்டாம். "அங்கே போனால் கொலை கேஸ் எல்லாம் பார்க்கலாமா அக்கா?" என்று ஜூனியர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதல் வாரம் நான் பார்த்தது அரக்கு. நிஜமாகவே அரக்குதான். காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வழியாக வரும் ஒவ்வொரு பாட்டிலின் வாயிலும் துணி கட்டி அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள், கூட வரும் கடிதத்தில் அதே முத்திரையின் மாதிரி இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா, எத்தனை முத்திரை, எங்காவது விரிசல் உண்டா, லேபிளில் இருக்கும் குற்ற எண்ணும் கடிதத்தில் இருப்பதும் ஒன்றா என்று எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் மூடியில் கை படும். குரோமட்டோகிராபி (கலவையில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் முறை) கற்க வந்த எனக்கு மூன்றாம் நாளே பொறுமை போய்விட்டது. அதைக் கவனித்த, எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் கேட்டார்: "வழியில் யாரோ இதைத் திறந்திருந்தால், உள்ளே நாம் கண்டுபிடிக்கிற விஷத்துக்கு என்னம்மா அர்த்தம்?" பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து முத்திரையை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருந்த இடத்தில் பயிற்சி மாணவர்கள் வழக்குப் பொருளைத் தொடவே கூடாது, தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். செல்போன் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இது சரியான விதி என்றே நினைக்கிறேன். ஒருவருடைய உடலின் பகுதி அது, திரும்பக் கிடைக்காது, நாம் பழகுவதற்கு வந்ததில்லை.

விசரா, அதாவது பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகள் உள்ள பாட்டில்கள் பெரும்பாலும் ஒரு செட்டாக வரும். ஒன்றில் இரைப்பையும் அதில் இருந்ததும் குடலின் ஒரு பகுதியும், இன்னொன்றில் கல்லீரலும் சிறுநீரகமும், தனியாக இரத்தம். அப்புறம் வெறும் உப்புத் தண்ணீர் மட்டும் உள்ள ஒரு பாட்டில். அது எதற்கு என்று கேட்டேன். உறுப்புகளை ஊறவைத்த அதே உப்புக் கரைசல் அது, விஷம் அந்தக் கரைசலிலிருந்து வரவில்லை என்று காட்ட அதையும் சோதிக்க வேண்டும். பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது, வாயு சேர்ந்து திறக்கும்போது பீறிடும். இரத்தத்தில் சோடியம் ஃப்ளோரைடு போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்து, குடிக்காதவர் இரத்தத்திலும் ஆல்கஹால் காட்டிவிடும். இதெல்லாம் பாடத்தில் ஒரு வரியாகப் படித்ததுதான், பாட்டில் கண்முன்னால் இருக்கும்போதுதான் அந்த வரி புரிந்தது.

நாங்கள் பழகுவதற்குக் கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கி வரச் சொல்லி, அதில் குளோர்பைரிபாஸ் கலந்து கொடுத்தார்கள். நம் ஊர் வயல்களில் அடிக்கிற பூச்சிமருந்துதான். அதை நன்றாக அரைத்து, ஹெக்சேனில் குலுக்கி, நீரற்ற சோடியம் சல்ஃபேட் வழியாக வடிகட்டி, வெந்நீர்த் தொட்டிமேல் வற்றவைக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் மோர் மாதிரி நுரைத்துக்கொண்டு இரண்டு அடுக்கும் பிரியவே பிரியாது, எனக்கு அது பிரிய மதியம் ஆகிவிட்டது. பிறகு சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் நுண்குழாயால் ஒரு புள்ளி, பக்கத்தில் தெரிந்த மருந்தின் புள்ளி, மூன்றாவதாக மருந்து கலக்காத ஈரலின் புள்ளி. ஹெக்சேன், அசிட்டோன் கலவையில் நிறுத்தி ஓடவிட்டு, காயவைத்து, பல்லேடியம் குளோரைடு தெளித்தால் மஞ்சளாக ஒரு பொட்டு எழும்பும். தெரிந்த மருந்தின் உயரத்திலேயே என்னுடைய பொட்டும் வந்தபோது கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், ஆறு குழாய்களில் ஒன்றுக்கு எண் போடாமல் விட்டுவிட்டேன். எது என்று எனக்குத் தெரியும், மீதி ஐந்தில் எண் இருக்கிறதே. மேடம் ஆறையும் கொட்டச் சொன்னார். திட்டவில்லை. "உனக்குத் தெரியும், சரி. குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டால் எதைக் காட்டுவாய்?" அறிக்கையைச் சாட்சி இல்லாமலே நீதிமன்றம் ஏற்க முடியும், ஆனால் தேவைப்பட்டால் ஆய்வாளரை அழைக்கும், அந்த அழைப்பு சில வருடம் கழித்தும் வரலாம். அப்போது பேசப்போவது சோதனையின்போது எழுதிய நோட்டு மட்டும்தான். அதில் தப்பாக எழுதியதை ஒயிட்னர் போட்டு மறைக்கக்கூடாது, ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும்.

ஒரு லேபிளில் வயது 19 என்று இருந்தது. என் தங்கை வயது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தை எழுதாமல், ஆய்வக அறிக்கைக்குப் பின் என்று நிறுத்தி வைத்திருந்தார். அந்த வீட்டில் எதனால் என்று தெரியாமல் எத்தனை பேர் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று அன்று முழுக்க மனசு அதிலேயே இருந்தது.

லஞ்ச ஒழிப்பு வழக்குப் பாட்டில்களும் பார்த்தேன், ரோஜா நிறத்தில். ரூபாய் நோட்டில் ஃபினாப்தலின் தூள் தடவிக் கொடுப்பார்கள், வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் தண்ணீர் சிவக்கும். நாளாகி நிறம் வெளுத்து வரும் பாட்டிலும் உண்டு, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காரம் ஒரு சொட்டு விட்டதும் மறுபடி சிவந்ததைப் பார்த்தேன்.

1849இல் மதராஸில் இரசாயனப் பரிசோதகர் என்று ஒரு பதவியை உண்டாக்கியதில்தான் இந்தத் துறை தொடங்கியது, அன்றைக்கும் முக்கிய வேலை விஷம் கண்டுபிடிப்பதுதான். அந்தத் தொடர்ச்சியில் ஒரு மாதம் நின்றேன் என்பதே எனக்குப் பெரிய விஷயம். மற்ற பிரிவுகளில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

*

நான் உயிரியல் பிரிவில் இருந்தேன். எங்களுக்கு ஐந்து துணித் துண்டுகள் கொடுத்து, இரத்தம் எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கறை மேல் முதலில் நிறமிழந்த ஃபினாப்தலின், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு, உடனே சிவந்தால் இரத்தமாக இருக்கலாம். இந்த வரிசை மாறக்கூடாது, பெராக்சைடு விடும் முன்பே சிவந்தால் அங்கே வேறு ஏதோ வேலை செய்கிறது என்று பொருள். எனக்கு இரண்டு துணி சிவந்தது, இரண்டும் இரத்தம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்று முள்ளங்கிச் சாறு! முள்ளங்கியில் இருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதியும் அதே நிறத்தைக் கொடுக்கும் என்று சார் சொன்னார். அப்புறம் இரத்தத்தை உறுதிசெய்யும் டகயாமா கரைசல் விட்டு, லேசாகச் சூடாக்கி, மைக்ரோஸ்கோப்பில் இளஞ்சிவப்புப் படிகங்களைப் பார்த்த பிறகுதான் இரத்தம் என்றே எழுத விட்டார்கள். அதுவும் மனித இரத்தமா என்பது அடுத்த சோதனை. இருக்கலாம், இருக்கிறது, மனிதனுடையது என்று ஒவ்வொரு படிக்கும் தனித்தனி வேலை.

*

ஆவணப் பிரிவு, 15 நாள். ஒருவர் தன் கையெழுத்தை இருபது முறை போட்டால் இருபதும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். அச்சு அசலாக இரண்டு கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் அதுதான் சந்தேகம், ஒன்றைப் பார்த்து மற்றதை வரைந்திருக்கலாம். காகிதத்தின் மேல் பக்கவாட்டில் விளக்கை அடித்து, மேல்தாளில் எழுதி அழுத்தியது கீழ்த்தாளில் பள்ளமாகத் தெரிவதைப் படிக்கச் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு சந்தேகம், உயில் மாதிரி வழக்குகளில் அதே காலத்துக் கையெழுத்து கிடைக்காமல் பத்து வருடம் முந்தையது மட்டும் கிடைத்தால் உங்கள் ஆய்வகங்களில் என்ன செய்தார்கள்?

*

நான் மாணவன் இல்லை, ஏட்டு. அந்தப் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுப்பவர்களில் ஒருவன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாலரை மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன், டீ குடிக்கக்கூட இறங்கியதில்லை, இறங்கினால் பெட்டியை யாரிடம் விடுவது? ஆய்வகத்தில் முத்திரை சரியில்லை, கடிதத்தில் எண் மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. அன்று கோபம் வந்தது. மறுநாள் திருத்தி வாங்கி மறுபடி வந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விளங்குகிறது, மகளே.

*

ஏட்டு ஐயா, நன்றி. நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிற பதிவேட்டில் முதல் வாரம் முழுக்க வரி போட்டுக் கொடுத்தது நான்தான், அதில் கையெழுத்துப் போடுபவரைப் பற்றி அப்போது யோசித்ததே இல்லை.

ஆவணப் பிரிவு நண்பருக்கு: எனக்கு அந்தப் பிரிவு தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

போகப்போகிறவர்களுக்கு: கல்லூரித் துறைத்தலைவர் கடிதத்தை மூன்று மாதம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். முழுக்கை வெள்ளைக் கோட்டு, மூடிய செருப்பு, தாள் கிழியாத தைத்த நோட்டு, நீரில் அழியாத மார்க்கர் இரண்டு. மார்க்கர் கட்டாயம்.