"ஹப்" மாநாட்டுக்குத் தமிழ்ச்சொல்: "பலவூர் மாநாடு" சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் "ஹப்" (hub) மாநாடு என்கிறார்களே, ஒரே மாநாட்டைப் பல ஊர்களில் நடத்துவது, அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில்கள் இங்கே.

> "மையம்" இருக்கிறதே. "பன்மைய மாநாடு" போதாதா?

போதாது ஐயா. மையம் என்றால் நடு. இந்த ஏற்பாட்டில் நடு என்று ஒன்று கிடையாது. ஒரே அறிவியல் மாநாட்டை நான்கைந்து ஊர்களில் ஒரே சமயத்தில் கூட்டுகிறார்கள். அவரவர் ரயிலில் போய்வரக்கூடிய ஊருக்குப் போனால் போதும்; ஊர்களை இணையம் இணைக்கும். உரை எந்த ஊரிலிருந்தும் வரலாம்.

"ஹப்" என்பதன் நேர்ப்பொருள் வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்களைச் செருகும் நடுப்பாகம்; அதற்குத் தமிழில் "குடம்" என்று பெயர் உண்டு. எனக்கு அதில் ஒரு ஆசை. ஆனால் "குட மாநாடு" என்று பதாகையில் போட்டால் தண்ணீர்ப் பஞ்சம் பற்றியது என்றுதான் நினைப்பார்கள்.

> "கிளை மாநாடு"?

இதை ஒப்பவே மாட்டேன். கிளை என்றதும் அடிமரம் ஒன்று வந்துவிடுகிறது. பாதி நேரிலும் பாதி திரையிலுமாக நடந்த மாநாடு ஒன்றில் நான் திரைப் பக்கம். எனக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. அரங்கில் ஒருவர் எழுந்து கேட்டார். மைக் அவர் கைக்குப் போகவில்லை. "அருமையான கேள்வி" என்று பேச்சாளர் ஐந்து நிமிடம் பதில் சொன்னார். கேள்வி என்னவென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. நாங்கள் தட்டச்சிட்ட ஏழெட்டுக் கேள்விகள் அப்படியே கிடக்க, நேரமாகிவிட்டது என்று தலைவர் முடித்துவிட்டார். கிளை என்று பெயரும் வைத்துவிட்டால் அவர்கள் செய்தது சரி என்றாகிவிடும்.

> முழுக்க இணையத்திலேயே நடத்தலாமே?

1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். எந்தத் தனிமத்துக்கு எந்த அணு எடை என்ற குழப்பம் மேடையில் தீரவில்லை. முடியும் தறுவாயில், அதற்கு வழி சொல்லும் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோவின் சிறு நூலை வந்தவர்களிடம் கொடுத்தார்கள். அதைப் பிறகு படித்துத்தான் ஜெர்மானிய வேதியியலாளர் லோதர் மேயருக்குத் தெளிவு பிறந்தது. நேரில் கூடினால்தான் இதெல்லாம் நடக்கும். ஆனால் எல்லோரும் ஒரே ஊருக்குப் பறப்பதும் கட்டுப்படியாகாது. 2019-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 28,000 பேர் வந்துபோனதில் 80,000 டன் கார்பன் டை ஆக்சைடு என்று மதிப்பிட்டார்கள். தலைக்கு மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு. விசா கிடைக்காமல் வீட்டிலேயே இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை: "பலவூர் மாநாடு". ஒவ்வோர் ஊரிலும் கூடுமிடம் "கூடம்". "பல்கூட மாநாடு" என்றும் எழுதிப் பார்த்தேன். பல் மருத்துவர்கள் கூடுவதுபோல் இருக்கிறது. "பலவூர்" கொச்சையாகப்பட்டு யாராவது "பன்னகர" என்று திருத்தக்கூடும். வேண்டாம், எந்த நகரத்தையும் ஊர் என்றுதானே சொல்கிறோம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இவ்வாண்டு பலவூர் மாநாடு, நான்கு கூடங்கள். நீங்கள் எந்தக் கூடத்துக்கு வருகிறீர்கள்?" எனக்கு நாக்கு இடறவில்லை.

பேச்சாளர் யாருமின்றிக் கேட்பவர்கள் மட்டும் கூடும் இடத்துக்குத் தனிச்சொல் வேண்டும் என்று நேற்று ஒரு மடல் வந்தது. தேவையில்லை, அதுவும் கூடம்தான்.