புதுப்பிப்பு: தீக்காயம் பட்ட சித்தப்பா, மூக்கு டியூப், என் பழைய கேள்வி

3 வாரம் முன்பு இங்கே எழுதியிருந்தேன்: கேஸ் கசிந்து சித்தப்பாவுக்கு 30 சதவீதம் தீக்காயம், சேர்த்த ராத்திரியே மூக்கில் டியூப் போட்டுப் பால் கொடுக்கிறார்கள், குளுக்கோஸ் ஏற்றினால் போதாதா என்று. போதாது, இப்போது புரிகிறது.

பெரிய தீக்காயத்தில் உடம்பு ரத்தத்தைக் குடலிலிருந்து இழுத்துக்கொள்கிறது, அதோடு குடல் சும்மாவும் கிடந்தால் உட்சுவர் மெலிந்து கிருமிகள் ரத்தத்துக்குள் கசிய வழியாகிறது, அதனால்தான் முதல் 24 மணி நேரத்துக்குள் கொஞ்சமாவது குடல் வழியாகக் கொடுக்கப் பார்க்கிறார்கள். இரைப்பையிலோ அதை அடுத்த சிறுகுடல் தொடக்கத்திலோ புண் வந்து ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. 1842லேயே கர்லிங் என்ற மருத்துவர் எழுதிய விஷயம், அந்தப் புண்ணுக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்குத் தனி மருந்து போகிறது.

புரதம்தான் மலைக்க வைத்தது. கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம், 60 கிலோ சித்தப்பாவுக்குத் தினம் 90 முதல் 120. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். குளுட்டமைன் (புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) பவுடர் வாங்கச் சொன்னவர்களுக்கு: 2022இல் வெளிவந்த, சுமார் 1,200 தீக்காய நோயாளிகளிடம் செய்த ஆய்வில் அதனால் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. வாங்கவில்லை.

சித்தி இப்போது தானே தலைமாட்டை உயர்த்தி, சிரிஞ்சைப் பிடித்து மெதுவாக இறங்கவிட்டு, கடைசியில் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுகிறார். நேற்று சித்தப்பா குழைந்த ரசம் சாதம் 4 ஸ்பூன் வாயால் சாப்பிட்டார். டியூப் இன்னும் இருக்கிறது, அடுத்த வாரம் தோல் ஒட்டு.