வெண்புள்ளி: ‘ஒளித்துலங்கல்’ பொருந்துமா?

ஈரோட்டிலிருந்து:
வெண்புள்ளி உள்ளவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதுங்க. சிகிச்சையாக வாரம் 2, 3 தடவை 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். யாருக்கு நிறம் திரும்பும் என்று ஓரளவு முன்பே கணிக்கலாம். முகம் என்றால் நல்ல பலன், விரல் நுனியில் குறைவு. புள்ளிக்குள் முடியும் நரைத்திருந்தால் கடினம். நிறமிச் செல்கள் பெரும்பாலும் மயிர்க்காலிலிருந்துதான் ஏறி வருகின்றன. தூண்டலுக்கு உடம்பு தரும் பதிலைப் பாடநூலில் ‘துலங்கல்’ என்பார்கள்; அந்த வழியில், ஒளிக்கு உடம்பு தரும் இந்தப் பலனுக்கு ‘ஒளித்துலங்கல்’ என்று போடட்டுமா?

பொள்ளாச்சியிலிருந்து:
வேண்டாங்க. ஏனத்தைத் துலக்கினால் பளிச்சென்று வெளுக்கும். ‘உங்கள் தோல் துலங்கும்’ என்று படிக்கிற அம்மா, புள்ளி இன்னும் வெளுக்கும் என்றல்லவா பயப்படுவார்? தோல் பிரிவில் செவிலியாக இருந்தவள் நான். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் “இந்த லைட்டுக்குக் கேக்குங்களா?” என்பதுதான். ‘ஒளிகேட்பு’ என்று வையுங்கள்.

கரூரிலிருந்து:
கேட்பு என்றதும் வங்கியின் கேட்பு வரைவோலைதான் நினைவுக்கு வரும். வல்லினம் மிகாமல் எழுதினால் ‘ஒளிந்த கேட்பு’ என்று வினைத்தொகையாகவும் படிக்கலாம். தூண்டல், துலங்கல் இரண்டும் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். பழகிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

நாமக்கல்லிலிருந்து:
கேள், கேளிர், கேண்மை எல்லாம் உறவைச் சொல்பவை. மருந்தோடு உடம்பு உறவாவதே கேட்பது என்பேன். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போக அரிசி என்ற விதையையும் பாருங்கள். அதிலுள்ள சோரலென் என்ற வேதிப்பொருள் ஒளி பட்டால்தான் வேலை செய்யும். பெயரிலேயே ‘கார்’ இருக்கிறது; கார் என்றால் கருமையும்தான். ஆகவே ‘காரேற்பு’...

ஈரோட்டிலிருந்து:
ஐயா, அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துவிடும். அந்தப் பேச்சே கையேட்டில் வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து:
‘வெண்குஷ்டம்’ என்ற ஒரு சொல்லால் கல்யாணம் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: எங்கேயும் ‘கேட்காது’ என்று அச்சிடாதீர்கள். ‘இன்னும் கேட்கவில்லை’ என்று போடுங்கள். மெல்லக் கேட்கிற உடம்புக்கு 72 அமர்வு வரை பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஈரோட்டிலிருந்து:
நம் நால்வரில் மூவர் கேட்புப் பக்கம். உள்ளே ‘ஒளிக்குக் கேட்கும்’, ‘மெல்லக் கேட்கும்’ என வினையாகவே எழுதிவிட்டேன். அட்டவணைத் தலைப்பு மட்டும் ‘ஒளிக்கேட்பு’. ‘கேட்காது’ எங்கும் இல்லை.

கரூரிலிருந்து:
ஒற்று மிகுந்ததற்கு நன்றி. துலங்கலே சரி என்ற என் கருத்து மாறவில்லைங்க.